கேஷ் என்றால் காசா, பெட்டியா?



தமிழ் விழா மேடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "வெள்ளைக்காரன் கேஷ் கேஷ் என்கிறானே, அந்தச் சொல் எங்கிருந்து வந்தது? நம்முடைய காசிலிருந்து அல்லவா வந்தது!" என்று பேச்சாளர் குரலை உயர்த்துவார். கூட்டம் கைதட்டும். அவரும் அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்.

பந்திங் வட்டாரத்தில் ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருக்கிறேன். ஐந்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இப்படி ஒரு விழாவுக்குத் தன் மாமாவுடன் போய்விட்டு வந்து, மறுநாள் என்னைக் கேட்டான்: "டீச்சர், கேஷ் நம்ம காசுதானாமே, உண்மையா?"

"பாதி உண்மை" என்றேன்.

"மீதிப் பாதி?"

பிள்ளைகள் பாதியோடு விடுகிறவர்களா? அன்று வகுப்பில் சொல்லத் தொடங்கியதை இங்கே உங்களுக்கும் விரிவாகச் சொல்கிறேன். நாம் மாதந்தோறும் கையில் தொடுகிற, ஆனால் என்னவென்று நின்று பார்க்காத சொல் இது. இதைத் தெரிந்து வைத்திருப்பது தமிழ்ப் பெருமைக்கு மட்டுமல்ல, வீட்டுக் கணக்குக்கும் உதவும்.

பெட்டியில் பிறந்த கேஷ்

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற சொல் ஒன்றல்ல, இரண்டு. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று. பிறந்த வீடுதான் வேறு வேறு. நம் மொழியில் 'ஆறு' என்றால் நதியும் ஆகும், எண்ணும் ஆகும் அல்லவா? அதுபோலத்தான்.

கடைக்காரர் "கேஷா, கடனா?" என்று கேட்கிறாரே, அந்தக் கேஷ் நம் காசிலிருந்து வந்ததல்ல. அதற்கு மூலம் 'காப்சா' என்ற இலத்தீன் சொல். அதன் பொருள் பெட்டி. இத்தாலியர் அதைக் 'காசா' என்றார்கள். பிரெஞ்சுக்காரர் 'கேஸ்' என்றார்கள். அங்கிருந்து 1590களில் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அப்போது கேஷ் என்றால் பணம் வைக்கும் பெட்டி என்றும் பொருள். பெட்டிக்குள் இருக்கும் பணம் என்றும் பொருள். 18ஆம் நூற்றாண்டுக்குள் பெட்டி என்ற பொருள் மறைந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் சொல்லில் தங்கிவிட்டது. 'ஒரு சட்டி குடித்தான்' என்றால் சட்டியையா குடித்தான்? சட்டியில் இருந்த கஞ்சியைத்தானே! அதே கதைதான்.

இந்தப் பெட்டியின் உறவுக்காரர்கள் நம் வீட்டில் ஏராளம். பிரயாணத்துக்குத் தூக்கிப் போகிற 'சூட்கேஸ்' ஒரு பெட்டி. கிளினிக்கில் தருகிற 'கேப்சூல்' மருந்து அடைத்த சிறு பெட்டி. பழைய பாட்டெல்லாம் கேட்டோமே, அந்தக் 'கேசட்'டும் சின்னப் பெட்டி என்றே பொருள்படும். பெட்டியைக் காக்கிறவர் 'கேஷியர்'. எல்லாம் ஒரே குடும்பம்.

இதோடு இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 'பேங்க்' என்பது இத்தாலிய மொழியில் பலகை. பணம் மாற்றுகிறவர்கள் பலகை போட்டு உட்கார்ந்து தொழில் செய்ததால் அந்தப் பெயர். 'கிரெடிட்' என்பதற்கு மூலமான இலத்தீன் சொல்லுக்கு நம்புதல் என்று பொருள். ஆக, கேஷ் என்றால் பெட்டி. கிரெடிட் என்றால் நம்பிக்கை. இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நம் காசு கடல் கடந்த கதை

இனி இரண்டாவது கேஷுக்கு வருவோம். இதுதான் நம்முடையது.

காசு என்ற சொல்லுக்குத் தமிழில் வயது மிக அதிகம். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லை என்ற புலவர் ஒரு காட்சி காட்டுகிறார். வேப்பம்பழத்தை வளைந்த அலகில் பற்றியிருக்கிறது ஒரு கிளி. புது நூலில் கோப்பதற்காக நகநுனியில் பிடித்த பொற்காசு போல அந்தப் பழம் இருக்கிறதாம்! நம் பாட்டிமார் ஆசைப்பட்ட காசுமாலையின் வேர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது பாருங்கள்.

இலக்கணத்திலும் காசு உண்டு. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் முடியவேண்டும். திருக்குறள் 1,330க்கும் இதே விதிதான். குறள் படித்த ஒவ்வொரு பிள்ளையும் தனக்குத் தெரியாமலேயே காசை எண்ணியிருக்கிறது.

கல்வெட்டிலும் காசு உண்டு. இராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோவிலை 1010இல் கட்டி முடித்தான். அங்குள்ள கல்வெட்டுகளில், கோவில் பணத்தை ஊர்ச்சபைகளுக்குக் கடன் கொடுத்த கணக்கு வெட்டப்பட்டிருக்கிறது. வட்டி எவ்வளவு தெரியுமா? ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. அதாவது எட்டில் ஒரு பங்கு, நூற்றுக்குப் பன்னிரண்டரை. இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சுகீசியர் 1498இல் இந்தியாவுக்கு வந்தார்கள். 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். வழியில் நம்மவர் வாயிலிருந்து காசு என்ற சொல்லைக் கேட்டவர்கள், அதைத் தங்கள் மொழியில் 'கைஷா' என்று எழுதினார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் கைஷா என்றால் பெட்டி என்றும் பொருள்! நம் காசும் ஐரோப்பாவின் பெட்டியும் அந்தச் சொல்லில் ஒருவரையொருவர் பார்த்துக் கைகுலுக்கிக்கொண்டன எனலாம். இந்தக் கைஷாவிலிருந்துதான், ஆசியாவில் வழங்கிய சில்லறை நாணயத்தைக் குறிக்கும் இரண்டாவது கேஷ் ஆங்கிலத்துக்குப் போனது. நடுவில் சதுர ஓட்டை போட்ட பழைய சீன நாணயம் இருக்கிறதே, அதையும் ஆங்கிலேயர் இன்றுவரை கேஷ் என்றுதான் சொல்கிறார்கள். சீனர் நாணயத்துக்குத் தமிழன் சொல்!

சென்னைக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கு எழுதியதும் நம் சொல்லில்தான். 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். பணத்தை 'ஃபனம்' என்றும் காசைக் 'கேஷ்' என்றும் எழுதினார்கள். இந்த நாணயங்களை இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் அடித்துச் சென்னைக்குக் கப்பலில் அனுப்பியதும் உண்டு. 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு அகலும் முன்பே புயலில் சிக்கி மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அந்தக் காசுகளை அள்ளி எடுத்தார்கள். 1808 என்று ஆண்டும், கேஷ் என்று ஆங்கிலத்தில் பெயரும் அவற்றில் இருக்கின்றன. நம் முன்னோர் சந்தையில் கைமாற வேண்டிய காசு, கடலடியில் 170 ஆண்டுக்கு மேல் கிடந்திருக்கிறது.

திருவிதாங்கூர் சமஸ்தானத்திலோ 1949 வரை காசு நடப்பிலேயே இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு ரூபாய்.

ஆகவே மேடைப் பேச்சாளர் சொல்வது முழுப் பொய்யல்ல. ஆங்கில அகராதியில் நம் காசு உட்கார்ந்திருப்பது உண்மை. ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் எழுதியிருக்கும் கேஷ் அதுவல்ல. உள்ள பெருமையே நமக்குப் போதும். இல்லாததைச் சேர்த்தால் உள்ளதையும் நம்பமாட்டார்கள்.

நம் ஊர்ப் பேச்சில்

இந்த நாட்டில் நாம் பணத்துக்கு வைத்திருக்கும் பெயர்களே அழகு. ரிங்கிட்டை நாம் 'வெள்ளி' என்கிறோம். ஒரு காலத்தில் வெள்ளியால் ஆன டாலர் இங்கே புழங்கியதன் நினைவு அது. ரிங்கிட் என்ற மலாய்ச் சொல்லுக்குப் பல் பல்லாக வெட்டிய விளிம்பு என்று பொருள்; அந்த வெள்ளி நாணயத்தின் ஓரத்தைப் பார்த்து வைத்த பெயர். மலாய்க்காரர் ஓரத்தைப் பார்த்தார்கள், நாம் உலோகத்தைப் பார்த்தோம்!

சென்னை நாம் 'காசு' என்றே சொல்கிறோம். "ஐம்பது காசு கொடு" என்றுதான் பிள்ளைகள் கேட்கும். 2008 ஏப்ரல் 1 முதல் கடைகளில் மொத்தக் கணக்கை ஐந்து காசுக்கு முழுமையாக்கி வாங்குகிறார்கள். அதனால் ஒரு காசு நாணயம் கையைவிட்டுப் போயிற்று. என் வகுப்பில் அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளை யாரும் இல்லை.

நாம் கொடுத்த சொற்கள் மலாய் மொழியிலும் கணக்கு வழக்கில்தான் அதிகம் உழைக்கின்றன. 'கெடாய்' நம் கடை. 'மோடால்' நம் முதல். 'பெத்தி' நம் பெட்டி. 'கூலி' நம் கூலியேதான். கடை, முதல், பெட்டி மூன்றும் போய்ச் சேர்ந்த இடத்தில், நம் மக்களில் மிகப் பலருக்குக் கூலி ஒன்றுதான் கையில் நின்றது. இதை எண்ணும்போது மனம் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

பெட்டியும் நம்பிக்கையும்

என் பெற்றோர் இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் பேர் விழாது. மாத நடுவில் அட்வான்ஸ், மாதம் பிறந்ததும் பெரிய சம்பளம். பெரிய சம்பளத்தன்று தோட்டமே மணக்கும். ஆனால் அந்தக் கேஷ் எங்கள் வீட்டில் ஓர் இரவுகூடத் தங்காது. மறுநாள் காலையில் கடைக்குப் போய்விடும். அட்டையில் '555' என்று அச்சடித்த சின்னப் புத்தகம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அரிசி, மீன் டின், சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் அதில் ஏறும். அதுதான் நம்முடைய கிரெடிட். கடைக்காரர் நம்மை நம்பினார். நாமும் அவர் எழுதியதை நம்பினோம். எழுதியது சரியா என்று கூட்டிப் பார்க்க வீட்டில் யாருக்கும் கணக்குத் தெரியாது. மூன்றாம் ஆண்டு படிக்கும்போது அம்மா அந்தப் புத்தகத்தை என்னிடம் தந்து, "கூட்டிப் பாரு பாப்பா" என்றார். நான் படித்த படிப்புக்குக் கிடைத்த முதல் வேலை அதுதான்.

அம்மாவுக்குப் பெட்டியும் ஒன்று இருந்தது. பிஸ்கட் டின். வாரம் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று அதில் போடுவார். நான் பயிற்சிக் கல்லூரிக்குப் போனபோது செருப்பும் சேலையும் வந்தது அந்த டின்னிலிருந்துதான்.

ஏழைகளின் சின்னப் பெட்டிகள் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் நம் மக்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். 1950களிலும் 60களிலும் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நம்மவர் வேலையும் வீடும் சேர்ந்தே போயின. அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று, பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கச் சொன்னார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கியது. மரம் வெட்டினவன் தோட்டத்துக்குப் பங்காளி ஆனான்! பத்து வெள்ளி கையில் இருந்தால் சம்பள நாளிலேயே கரைந்திருக்கும். பெட்டிக்குள் போனதால் நிலமாக நின்றது.

எங்கள் தோட்டமும் பின்னாளில் வீடமைப்புக்காக விற்கப்பட்டது. அப்பாவுக்கு அங்கே 26 ஆண்டு வேலை. 1980ஆம் ஆண்டின் பணிநீக்கச் சலுகை விதிமுறைப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம் தரவேண்டும். அந்தக் கணக்கில் 520 நாள் கூலி மொத்தமாக வந்தது. அப்பா தம் வாழ்நாளில் அவ்வளவு தொகையை ஒரே தாளில் பார்த்தது அன்றுதான். பந்திங்கில் ஒரு மலிவு விலை வீட்டுக்கு முன்பணம் கட்டினார். அக்காள் திருமணத்தை முடித்தார். இரண்டே மாதத்தில் மிச்சம் இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வீடு என்ற பெட்டியிலாவது போட்டார். லயத்தை விட்டு வெளியேறிய எல்லாருக்கும் அதுவும் அமையவில்லை.

கம்பத்தில் ஒட்டிய கேஷ்

இப்போது நான் சொல்லவந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

இன்று நம் வட்டாரத்தில் எந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தாலும், எந்தப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்தாலும் சின்னச் சின்னத் தாள்கள் ஒட்டியிருக்கின்றன. "ஈஸி கேஷ்" என்று ஆங்கிலத்தில் ஒன்று; அவசரப் பணம் என்று மலாயில் ஒன்று; கீழே ஒரு தொலைபேசி எண். ஜாமீன் வேண்டாம், கேள்வி வேண்டாம், ஒரு மணி நேரத்தில் பணம். இந்தக் கேஷ் நம் காசும் அல்ல, இத்தாலியன் பெட்டியும் அல்ல. இது தூண்டில் முள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரனான ஒரு பையன் இருந்தான். பள்ளி தொடங்கும் சமயத்தில் அவன் அப்பா ஆயிரம் வெள்ளி கடன் வாங்கினார். மூன்று பிள்ளைகளுக்கு உடுப்பு, காலணி, பஸ் கட்டணம். ஊதாரித்தனம் ஒன்றுமில்லை. மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி. ஈடாகக் கொடுத்தது என்ன தெரியுமா? சம்பளம் விழுகிற வங்கி அட்டையும் அதன் இரகசிய எண்ணும். சம்பள நாளில் அவருக்கு முன்னால் வேறொருவர் இயந்திரத்தின் முன் நின்றார். மேலும் மேலும் கடன் ஏறியது. ஒருநாள் வாசலில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டுப் போனார்கள். அந்தக் குடும்பம் இரவோடு இரவாகக் கிள்ளானில் இருக்கும் உறவினர் வீட்டுக்குப் போய்விட்டது. மாறுதல் கடிதம் வாங்கக்கூட யாரும் வரவில்லை. பையனின் கணக்குப் புத்தகம் வகுப்பு அலமாரியில் அப்படியே இருந்தது.

அந்தக் கணக்கைத்தான் நான் இப்போது ஒவ்வொரு ஆண்டும் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் போடுகிறேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

ஆயிரம் வெள்ளிக்கு மாதம் நூற்றுக்குப் பத்து என்றால் மாதம் 100 வெள்ளி. ஓர் ஆண்டில் வட்டி மட்டும் 1,200 வெள்ளி. வாங்கிய ஆயிரம் அப்படியே நிற்கும்.

இந்த நாட்டில் 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. உரிமம் பெற்றவர்கள்கூட ஈடு வாங்கிய கடனுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 12க்கு மேலும், ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18க்கு மேலும் வட்டி வாங்கக்கூடாது. அந்தக் கணக்கில் ஆயிரத்துக்கு ஓர் ஆண்டு வட்டி அதிகபட்சம் 180 வெள்ளி.

ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இராஜராஜன் காலத்து வட்டியில் பார்த்தால், 125 வெள்ளி.

125, 180, 1,200. மூன்றையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிவிட்டு நான் எதுவும் பேசுவதில்லை. பிள்ளைகள் தாமாகவே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், இதை எழுதிட்டுப் போய் அப்பாகிட்ட காட்டலாமா?" என்று கேட்டாள். தாராளமாகக் காட்டு என்றேன்.

பெற்றோர்களுக்கு ஒரு சொல்

இப்போது கேஷ் கண்ணுக்கே தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது. கைப்பேசியை நீட்டினால் 'டிங்' என்று ஓர் ஒலி, கணக்கு முடிந்தது. டின்னில் போட்டால் குறைவது தெரியும். கைப்பேசியில் போவது தெரிவதில்லை. கால மாற்றத்தைத் தடுக்க முடியாது. ஆனால் எந்தக் காலத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் மாறவில்லை.

பொருள் வாங்கும்போது கேஷ் விலை என்ன, தவணை விலை மொத்தம் என்ன என்று இரண்டையும் கேளுங்கள். கடன் என்றால் வட்டி மாதத்துக்கா, ஆண்டுக்கா என்று கேளுங்கள். தாளில் எழுதித் தராதவரிடம் வாங்காதீர்கள். வங்கி அட்டையை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். அது அட்டை அல்ல, உங்கள் பெட்டியின் சாவி. புரியாத தாள் வந்தால், வெட்கப்படாமல் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், கூட்டச் சொல்லுங்கள். அதற்காகத்தானே இத்தனை பாடுபட்டுப் படிக்க அனுப்புகிறீர்கள்!

அவசரத்துக்குக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்தில் நாலு பேரைக் கேளுங்கள். பள்ளிச் செலவு என்றால் எங்களிடம் வந்து சொல்லுங்கள். உடுப்புக்கும் புத்தகத்துக்கும் உதவ வழியில்லாத பள்ளி அபூர்வம். வாய்விட்டுச் சொன்னால்தானே எங்களுக்குத் தெரியும்?

அந்தக் கெட்டிக்காரப் பையனின் அப்பாவும் ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால், மூன்று ஜோடிக் காலணிக்கு எப்படியாவது வழி செய்திருப்போம்.